தொண்ணூற்றைந்து கோல்களும் நம் மைதானமும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் ஆசிரியப் பெருமக்களின் அருமை பற்றியோ, கட்டடங்கள் எழுந்த வரலாறு பற்றியோ எழுதுவதே மரபு. அம்மரபை இகழ்வது நம் கருத்தன்று. ஆயினும் நாவுலைப் பகுதியில் வாழும் பழைய மாணவர் நால்வர் ஐவர் ஓரிடத்திற் கூடினால், அங்கே பேச்சு வெகுவிரைவில் உதைபந்தாட்டத்திற்குத் தாவிவிடுகின்றது. அண்மைக் காலமாக அப்பேச்சு ஒரே வாதத்திற் சென்று முட்டிக்கொண்டு நிற்கின்றது. இந்திய வீரர் சுனில் சேத்திரி தம் நாட்டுக்காக அடித்த 95 கோல்கள் மெய்யான சாதனைதானா, அன்றி எளிய அணிகளின் தயவிற் சேர்ந்த வெறும் தொகையா என்பதே அவ்வாதம். இதில் நமக்கு ஒரு திடமான கருத்து உண்டு. அக்கருத்துக்கும் நம் கல்லூரி மைதானத்திற்கும் தொடர்பும் உண்டு. ஆதலின் இம்மலரில் அதனை வெளியிடத் துணிந்தோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சேத்திரி 1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 3-ஆம் நாள் செக்கந்தராபாத்திற் பிறந்தவர். தந்தையார் இந்தியத் தரைப்படையிற் பணியாற்றியவர். தாயார் நேபாள மகளிர் அணிக்காக ஆடியவர். 2002-ஆம் ஆண்டு கல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்திற் சேர்ந்தார். 2005-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பாகிஸ்தானின் குவெற்றா நகரில், தம் முதலாவது சர்வதேச ஆட்டத்திலேயே இந்தியாவுக்கு ஒரு கோல் பெற்றுக் கொடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 2025 மார்ச் 19-ஆம் நாள் ஷில்லாங்கில் மாலைதீவு அணிக்கு எதிராக அவர் தலையால் முட்டி அடித்தது தொண்ணூற்றைந்தாவது. இடையே அவர் ஆடிய ஆட்டங்கள் 150-க்கும் மேற்பட்டவை. உயரமோ ஐந்தரை அடிக்குச் சற்று மேல். வானளாவிய பின்காப்பு வீரர்களுக்கு நடுவே இத்தகைய உடலமைப்புடைய ஒருவர் தலையால் இத்தனை கோல்களைப் பெற்றது எங்ஙனம் என்று வியப்போர், அவர் பந்து வருமுன்னரே வரும் இடத்திற் சென்று நிற்பதைக் கவனிப்பாராக. கால்வேகமும் உடல்வலியும் வயது ஏற ஏறத் தேயத் தொடங்கும். இடமறிந்து நிற்கும் அறிவோ நாற்பதிலும் தேய்வதில்லை.

ஆடவர் சர்வதேச ஆட்டங்களில் மிகுதியான கோல் அடித்தோர் வரிசையில் 2025-ஆம் ஆண்டு முடிவில் அவர் நான்காம் இடத்தில் இருந்தார். அவருக்கு மேல் இருந்தவர்கள் மூவரே: 140-ஐக் கடந்துவிட்ட போர்த்துக்கல் நாட்டு றொனால்டோ, 110-ஐக் கடந்த ஆர்ஜென்ரீன நாட்டு மெசி, நூறு கோல்களை எட்டிய முதல்வராகிய ஈரானின் அலி தாயீ. ஹங்கேரியின் மாவீரர் புஸ்காஸ் 85 ஆட்டங்களில் 84 கோல்களோடு நின்றவர். நம் முந்தைய தலைமுறையினர் போற்றிய மலேசியாவின் மொக்தார் தகாரி 89-இல் நின்றவர். (மகளிரை மறந்து பேசுவோர்க்கு ஒரு சொல்: கனடா நாட்டுக் கிறிஸ்ரின் சின்கிளயர் 190 கோல்கள் அடித்தவர், ஆடவர் எவரும் அத்தொகையை இன்னும் அணுகவில்லை.)

இனி வாதத்திற்கு வருவோம். சேத்திரியை மறுப்போர் கூறுவது யாது? அவர் மாலைதீவுக்கும் நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வங்காளதேசத்துக்கும் எதிராக ஆடியவர். பிரேசிலையோ யேர்மனியையோ எதிர்த்து ஆடியவரல்லர். உலகக் கிண்ணப் போட்டியின் இறுதிச் சுற்றை இந்தியா கண்டதே இல்லை. ஆகவே அவரை மெசியோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நகைப்புக்கிடம் என்பர். இவ்வாதத்திற் பாதி உண்மை. சேத்திரி மெசிக்கு நிகரான ஆட்டக்காரர் என்று அவரும் சொன்னதில்லை, அறிவுடைய எவரும் சொல்லவில்லை. ஆனால் எஞ்சிய பாதி நேரியதன்று. எளிய அணிகளுக்கு எதிராக அடித்தவை கோல்கள் ஆகாவெனின், அத்தராசில் எல்லோரையும் வைத்தல் வேண்டும். றொனால்டோ லக்சம்பேர்க் என்னும் சின்னஞ்சிறு நாட்டின் வலைக்குள் மாத்திரம் பத்துக்கு மேற்பட்ட கோல்களைச் செலுத்தியுள்ளார். அவற்றை எவரும் அவர் கணக்கிலிருந்து கழிக்கக் காணோம். பெரிய நாட்டு வீரர் சிறிய நாட்டை வென்றால் அது சாதனை; சிறிய நாட்டு வீரர் தம்மையொத்த சிறிய நாட்டை வென்றால் அது தயவு என்பது எவ்வகை நியாயம்?

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். றொனால்டோவுக்குப் பந்தை ஊட்டியவர்கள் ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்களில் ஆடியவர்கள். சேத்திரிக்குப் பந்து கொடுத்தவர்களோ பெரும்பாலும் அவரைப் போலவே உள்நாட்டுக் கழகங்களில் ஆடியவர்கள். நேபாளம் எளிய அணி என்றால், அந்நேபாளத்தை எதிர்த்து நின்ற இந்திய அணியும் அத்துணை வலிய அணியன்று. இரு பக்கமும் ஒத்த வலிமையுடைய இடத்தில் ஆட்டமொன்றுக்கு 0.6 என்ற அளவில் இருபதாண்டு கோல் அடிப்பது எளிதென்போர், தம் ஊர்க் கழகத்திற்காக ஐந்தாண்டு அவ்வாறு அடித்துக் காட்டட்டும்.

எளிய அணி என்னும் பட்டியலில் நம் இலங்கையையும் சேர்த்தே பேசுகின்றனர் என்பது வாசகர் அறியாததன்று. ஆதலின் நாம் இதிற் பார்வையாளர் மாத்திரமல்லர். வழக்கில் ஒரு தரப்பினருமாவோம். 2021-ஆம் ஆண்டு ஒக்டோபரில் மாலைதீவின் மாலே நகரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. அப்போட்டியிற் சேத்திரி வங்காளதேசத்துக்கு எதிராக ஒன்று, நேபாளத்துக்கு எதிராக ஒன்று, மாலைதீவுக்கு எதிராக இரண்டு, இறுதியாட்டத்தில் மீண்டும் நேபாளத்துக்கு எதிராக ஒன்று எனக் கோல்களைக் குவித்து, மெசி அந்நாளில் எட்டியிருந்த 80 என்னும் எண்ணிக்கையைத் தொட்டார். ஆனால் அக்டோபர் 7-ஆம் நாள் இலங்கைக்கு எதிரான ஆட்டம் ஒன்றுக்கும் ஒன்று கூட இல்லாமல், இரு பக்கமும் கோலின்றி முடிந்தது. பந்துகாப்பாளர் சுஜான் பெரேராவும் நம் பின்காப்பு வீரர்களும் அன்று அவரை வெறுங்கையோடு அனுப்பிவைத்தனர். எளிய அணி எனப்படுவதும் தன் நாள் வரும்போது கதவடைக்க வல்லது. 1995-ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இதே இந்தியாவை 1–0 என்று நாம் வென்றதையும் நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்துச் சொல்லப் போவது கசப்பானது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் பெங்களூரிற் கொட்டும் மழையிற் சேத்திரி பாகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். அத்தெற்காசியப் போட்டியில் இலங்கை அணி எங்கே நின்றது? எங்கும் நிற்கவில்லை. நாட்டின் உதைபந்தாட்ட நிருவாகத்திற் குழப்பம் மலிந்தமையால், உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அவ்வாண்டு ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்கியது ஆகஸ்டில். இளம் வீரர்கள் வாழ்நாளில் ஓரிரு முறையே பெறக்கூடிய ஒரு போட்டி, அவர்கள் யாதொரு குற்றமும் செய்யாதிருக்க, கைநழுவிப் போயிற்று. நம் நாட்டுக்காக மிகுதியான கோல் அடித்தவராகக் குறிக்கப்படும் கசுன் ஜயசூரியவின் எண்ணிக்கை முப்பதை எட்டவில்லை. அது அவருடைய குறையன்று. ஆட்டம் இருந்தாலன்றோ கோல் இருக்கும்! ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே ஆடும் நாட்டில் பிறந்த வீரன் எத்துணைத் திறமை படைத்திருப்பினும் தொண்ணூற்றைந்தைக் கனவிலும் காண இயலாது. சேத்திரியின் சாதனையிற் பாதி அவருடைய காலில் உள்ளது. மறுபாதி, இருபதாண்டு இடையறாது ஆட்டங்களை ஒழுங்குசெய்த கால அட்டவணையில் உள்ளது. இதனை நாம் அழுத்திக் கூறுகின்றோம்.

எண்ணிக்கை என்பது எழுதி வைப்பவரையும் பொறுத்தது. இதற்குச் சுவையான சான்று பெலே. உலகச் சம்மேளனத்தின் கணக்கில் அவர் பிரேசிலுக்காக அடித்தவை 77. பிரேசில் நாட்டுச் சங்கத்தின் ஏட்டிலோ 95. கழகங்களையும் கூட்டு அணிகளையும் எதிர்த்து ஆடியவற்றையும் அவர்கள் சேர்த்துக்கொள்கின்றனர். அலி தாயீயின் தொகை 109 என்று நெடுங்காலம் எண்ணப்பட்டுப் பின்னர் ஒன்று குறைக்கப்பட்டது. இந்திய வீரர் பைச்சுங் பூட்டியாவின் கோல்களைப் பற்றியும் இத்தகைய இருவேறு கணக்குகள் வழங்குகின்றன. ஏடு ஒழுங்காக எழுதப்படாத காலத்து வீரர்கள் தாம் உழைத்ததைத் தாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளாகின்றனர்.

எண்ணிக்கையே பெருமை ஆகாது என்பதற்கும் இந்திய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடினர். சாரங்கபாணி ராமன் என்பவர் அன்று ஒரு கோல் அடித்தார். இரு தண்ட உதைகள் வீணாயின. இந்தியா 1–2 எனத் தோற்றது. அந்த ஒரு கோல் இன்றும் பேசப்படுகின்றது. 1956-இல் மெல்பேணில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடிக்க, இந்தியா நான்காம் இடம்வரை சென்றது. 1960-இல் றோமாபுரியில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்த துளசிதாஸ் பலராம், சேத்திரி பிறந்த அதே செக்கந்தராபாத்தைச் சேர்ந்தவர். இவர்களுள் எவருடைய தொகையும் சேத்திரியின் தொகைக்கு அருகில் வாராது. ஆயினும் அக்காலத்து இந்தியா 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அதாவது, அணி வலிமையோடு இருந்த காலத்திற் கோல்கள் பலருக்குப் பங்கிடப்பட்டன. அணி மெலிந்த காலத்தில் அவை ஒருவர் தோளிற் சுமையாக ஏறின.

நாம் சேத்திரியைப் பாராட்டுவதோடு நில்லாது கவலையும் கொள்வது இதனாலேதான். 2008-ஆம் ஆண்டு டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் அடித்த மூன்று கோல்கள் இந்தியாவை 2011-ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்திற்கு இட்டுச் சென்றன. அங்கே தென்கொரியாவுக்கு எதிராகவும் அவர் ஒரு கோல் பெற்றார் (தண்ட உதைதான், எனினும் கோல் கோலே). 2019-இல் தாய்லாந்தை 4–1 என வென்றபோது அவர் பங்கு இரண்டு. ஆனால் 2024-ஆம் ஆண்டு ஜனவரியிற் கட்டாரில் நடைபெற்ற ஆசியக் கிண்ணத்தில் அவருடைய கால் ஓய்ந்தது, அணியும் ஓய்ந்தது. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் கல்கத்தாவிற் குவைத்துக்கு எதிராகக் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு விடைபெற்றார். அவர் சென்றபின் அவ்வாண்டு முழுவதும் இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெற்றி காணவில்லை. நாற்பது வயதான அவரை 2025 மார்ச்சில் மீண்டும் அழைத்தனர். வந்தார், வந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அதனாலும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிற் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் 1–2 எனத் தோற்று, அடுத்த ஆசியக் கிண்ண வாய்ப்பை இந்தியா இழந்தது. நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாடு, ஓய்வு பெற்றுச் சென்ற ஒருவரை வாயிலிற் சென்று அழைக்க நேர்ந்ததென்றால், அவ்வழைப்பு அவருக்குப் பெருமை, நாட்டுக்குப் பெருமையன்று. மரம் ஒன்று ஓங்கி வளர்ந்திருக்கக் கண்டு அதன் நிழலிற் கன்று நடாதிருந்துவிட்டனர்.

சேத்திரி தாமே இதனை உணர்ந்திருந்தார் என்று நாம் கருதுகின்றோம். 2018-ஆம் ஆண்டு மும்பையிற் சீனத் தாய்ப்பே அணியை 5–0 என வென்ற ஆட்டத்தில் அவர் மூன்று கோல்கள் அடித்தும், பார்க்க வந்தோர் சில ஆயிரம் பேரே. அடுத்த ஆட்டம் அவருக்கு நூறாவது. மைதானத்துக்கு வாருங்கள், எங்களை ஏசுவதற்கேனும் வாருங்கள் என்னும் கருத்துப்பட அவர் மக்களை இரந்து வேண்டினார். அவ்வேண்டுகோளின் பின் அரங்கு நிறைந்தது. கென்யாவுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். அணித் தலைவர் ஒருவர் பார்வையாளரை இரந்து அழைக்கும் நிலையை அவமானம் என்பாரும் உளர். கடமையுணர்ச்சி என்பது நம் கருத்து.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். நாவுலையிலும் சுற்றுப்புறத்திலும் உதைபந்தாட்ட ஆர்வத்திற்குக் குறைவில்லை. அறுவடை முடிந்த வயல்களில், தாள்கள் காலைக் கீற, செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்து ஆடும் சிறுவரை மாத்தளை – தம்புள்ளை வீதியிற் செல்வோர் எவரும் காணலாம். அவர்களுட் கூர்ந்த கண்ணுடைய முன்னணி வீரன் ஒருவன் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அவனுக்கு ஆண்டொன்றில் எத்தனை முறையான ஆட்டங்கள் கிடைக்கின்றன? வட்டாரப் போட்டியின் முதற் சுற்றில் தோற்றால் ஒன்று; வென்றால் மூன்று அல்லது நான்கு. எஞ்சிய நாள்களில் மாலைப்பொழுதைத் தனியார் வகுப்புகள் கொண்டுபோகின்றன; சனி ஞாயிறும் அவ்வாறே. ஒக்டோபர் தொடங்கி மார்கழி கழியும்வரை பெய்யும் மழையில் நீர் வடியாத மைதானம் சேற்றுக் குளமாகின்றது. பதினைந்து வயதுவரை இருபது ஆட்டங்கள்கூட ஆடாத பையனிடம் நாம் எதனை எதிர்பார்ப்பது? பெற்றோரை மாத்திரம் குறை கூறுவதும் முறையன்று. படிப்பைக் கெடுக்காத நேரத்தில், வாரந்தோறும் குறித்த நாளில் ஆட்டம் நடைபெறும் என்ற உறுதியை நாம் அளித்தோமா? அளித்தால் அனுமதி தாராத பெற்றோர் மிகச் சிலரே.

விழா நிதியைக் கொண்டு கல்லூரி முகப்பில் அலங்கார வளைவு ஒன்று எழுப்பவேண்டும் என்னும் விருப்பம் நம்மவரிடையே நிலவுகின்றது. அன்பின் மேலீட்டால் எழுந்த விருப்பமே அது. ஆயினும் நாம் அதற்கு உடன்படோம். வளைவுக்கு ஆகும் செலவில் மைதானத்திற்கு நீர்வடி வாய்க்கால் வெட்டலாம். மேடு பள்ளம் சமன்செய்யலாம். எஞ்சும் தொகையில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர்க்கும் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கும் ஆண்டுதோறும் அயற் பாடசாலைகளோடு பன்னிரண்டு ஆட்டங்களேனும் நடத்துவதற்குப் போக்குவரத்துச் செலவு காணலாம். தோற்றால் வீடு செல்லும் போட்டிகளல்ல நாம் வேண்டுவது. தோற்றாலும் அடுத்த வாரம் மீண்டும் ஆடும் ஆட்டங்கள். மாணவியர்க்கும் இதிற் பங்கு இருத்தல் வேண்டும். சின்கிளயரின் 190-ஐக் கேள்வியுற்ற பின்னும் பந்து ஆடவர்க்கே உரியது என்று வாதிப்போரோடு நாம் வாதிட விரும்பவில்லை.

நல்ல முன்னணி வீரன் ஒருவன் கிடைத்துவிட்டால் எல்லாப் பந்தையும் அவனுக்கே அனுப்பி, பரிசளிப்பு விழாவில் அவன் கழுத்துக்கே எல்லா மாலையையும் சூட்டும் வழக்கத்தையும் நம் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் சற்றே தளர்த்துவது நலம். அவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சென்ற மறு ஆண்டில் அணி எவ்வாறு தத்தளிக்கின்றது என்பதைக் கண்டவர்கள் நாம். கோலுக்குப் பந்து கொடுத்தவனுடைய பெயரும் எழுதப்படல் வேண்டும்.

எழுதுதல் என்றவுடன் ஒரு வினா எழுகின்றது. நம் கல்லூரிக்காக மிகுதியான கோல்களை அடித்தவர் யார்? இவ்வினாவை நாவுலையிற் கூடிய ஐவரிடம் கேட்டால் ஐந்து பெயர்கள் வருகின்றன. ஒவ்வொருவரும் தத்தம் காலத்தவரையே முன்னிறுத்துகின்றனர். தீர்ப்புக் கூற ஏடு இல்லை. பெலேயின் கணக்கிலேயே பதினெட்டு வேறுபாடு இருக்கும்போது நம் நிலை வியப்பன்று என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால் அக்காலத்து ஆட்டங்களை நேரிற் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். ஆதலின் பழைய மாணவர் சங்கச் செயலாளரிடம் தடித்த அட்டையிட்ட பதிவேடு ஒன்றை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். கல்லூரி அணியில் ஆடியவர்கள் தாம் ஆடிய ஆண்டு, எதிர்த்த பாடசாலை, ஆடிய இடம், முடிவு, கோல் அடித்தோர், பந்து கொடுத்தோர் ஆகிய விவரங்களைத் தம் நினைவில் உள்ளவாறு ஒரு தாளில் எழுதி, கைவசமுள்ள அணிப் புகைப்படங்களின் பிரதியையும் சேர்த்து, அவருக்கு அனுப்பிவைப்பார்களாக. இருவர் தனித்தனியே எழுதியவை ஒத்துப்போனால் அவற்றை மையால் எழுதுவோம். ஒத்துப்போகாதவற்றைப் பென்சிலால் எழுதி வைப்போம்.